நார்வே மலைகளில் நடக்க: முதலில் வானிலை, அப்புறம்தான் வழி

ஊரிலிருந்து யாராவது நார்வே வருகிறேன் என்று சொன்னால், அடுத்த நிமிடமே வாட்ஸப்பில் மூன்று படங்கள் வந்துவிடும். உச்சி தட்டையாக வெட்டிவிட்ட ப்ரேக்கஸ்டோலன் பாறை ஒன்று, அந்தரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரோல்துங்கா ஒன்று, மலைப் பிளவில் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் ஷேராக் உருண்டைக்கல் ஒன்று. "அஞ்சு நாள்ல மூணையும் முடிச்சிரலாம்ல?" என்று கேள்வி. முடிக்கலாம், மழை விட்டால். ஓஸ்லோவில் வருஷக்கணக்காக இருந்து, வார இறுதிகளை மலையில் கழித்துவரும் ஆள் என்ற முறையில் என் பதில் எப்போதும் இதுதான்: ஒரு பாறையை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டை விட்டுவிடுங்கள், அந்த நாட்களை மலைக்குடில்களுக்குக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. கேட்டவர்கள் திரும்பவும் வருகிறார்கள்.

வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று எது என்றால் ப்ரேக்கஸ்டோலன். ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து கடலுக்கடியில் சுரங்கப்பாதை வந்துவிட்டதால் பேருந்து நேராக மலையடிவாரத்துக்கே போகிறது. போக வர 8 கிலோமீட்டர், கொஞ்சம் தெம்புள்ள யாரும் நடந்துவிடலாம். வழியில் பெரிய பெரிய கல்லாக அடுக்கிய படிகளைப் பார்ப்பீர்கள், நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் கட்டியவை. இங்கே பல மலைப்பாதைகளைச் சீர்செய்தது அவர்கள்தான், யந்திரம் போகாத இடத்தில் கல்லைப் புரட்டி உட்காரவைக்கும் கைப்பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. மேலே போனால் 604 மீட்டர் கீழே லீசே ஃபியோர்ட், அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்த கடல். கைப்பிடி கிடையாது, கம்பி வேலி கிடையாது, "எல்லை தாண்டாதீர்" பலகையும் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் இந்த மாதிரி இடத்தில் குறைந்தது ஒரு காவலாளியாவது விசில் ஊதிக்கொண்டிருப்பார்.

ட்ரோல்துங்கா வேறு கதை. ஷெக்கெடால் பார்க்கிங்கிலிருந்து போக வர 27 கிலோமீட்டர் சொச்சம், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். மேலே இருக்கும் சின்ன பார்க்கிங்கில் முன்பதிவு கிடைத்தால் அது 20 கிலோமீட்டராகக் குறையும், அவ்வளவுதான். நடை அழகானது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலையில் போனால் பாறை முனையில் தனியாக நின்று படம் எடுக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். படத்தில் ஆள் தனியாக நிற்பதுபோலத் தெரிவது, அந்த வரிசை கேமராவின் சட்டத்துக்கு வெளியே நிற்பதால்தான். வியர்வை ஆறி, குளிரில் நடுங்கிக்கொண்டு, முன்னால் நிற்பவர் யோகாசனம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் நான் வேறு மலையில் இருக்கவே விரும்புவேன்.

சரி, வானிலை. இந்த நாட்டில் பயணத் திட்டம் என்பது வானிலைக்கு ஏற்ற திட்டம்தான். மேற்குக்கரை நகரமான பெர்கனில் வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மேற்குக்கரை மலையில் முட்டி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், அதே நாளில் மலைக்குக் கிழக்கே பல நேரம் வெயில் அடிக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி பயணம் காப்பாற்றப்படும். மேற்கே மூன்று நாளைக்கு மழை என்றால் அங்கே ஹோட்டலில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியைப் பார்ப்பதை விட, ரயிலேறி மலையைத் தாண்டிவிடலாம். அதனால் எல்லா இரவுக்கும் திரும்பப் பெற முடியாத முன்பதிவு போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போடுங்கள், கொஞ்சம் காசு கூடினாலும்.

வானிலை பார்க்க ஒய்-ஆர் என்ற இரண்டெழுத்து ஆப் போதும், நார்வே வானிலை நிறுவனமும் அரசு ஒலிபரப்பும் சேர்ந்து நடத்துவது. புதிதாக வருகிறவர்கள் அதில் சூரியன் படம் இருக்கிறதா, மேகப் படம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் காற்று என்ன என்று பாருங்கள். நொடிக்கு இத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் திடீர் வீச்சின் வேகம் இருக்கும், அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர், திறந்த முகட்டில் அதுவே எரிச்சலூட்டும். 15 என்று பார்த்தால் நான் முகட்டுப் பக்கம் போவதில்லை, பள்ளத்தாக்கு வழியாக எங்காவது நடப்பேன். இன்னொன்று, ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் அடிவாரத்து வானிலைதான் காட்டும். மலையின் பெயரையே போடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், கீழே டீ-சர்ட்டோடு ஐஸ்கிரீம் சாப்பிட்ட அதே மதியத்தில் மேலே கையுறை தேவைப்படும்.

இங்கத்தியர்களிடம் நான் மதிக்கும் குணம், பாதி வழியில் திரும்புவதை அவர்கள் தோல்வியாக நினைப்பதில்லை. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் 18 பேர் மலையில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு மலை ஒழுங்கு விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள், இப்போது மொத்தம் ஒன்பது. எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். மலைக்குப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்ளும் க்விக் லுன்ஷ் என்ற சாக்லேட்டின் உறைக்கு உட்புறம் கூட அச்சடித்திருப்பார்கள், சாக்லேட்டைப் பிரித்தால் விதி கண்ணில் படும். மேலிருந்து இறங்கிவருகிறவரிடம் "மேலே எப்படி?" என்று கேட்டால், "காற்று ஜாஸ்தி, நான் திரும்பிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். லீவு போட்டு, விமானத்துக்குக் காசு கட்டி வந்த நமக்கு அது கஷ்டம்தான், ஆனால் மலைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

பாறைகளை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் இடங்களில் முதலில் வருவது பெஸ்ஸெக்கன். யோதுன்ஹைமன் மலைத்தொகுதியில் இருக்கிறது. இந்த மலைத்தொகுதியில்தான் நாட்டின் உயரமான சிகரமான 2469 மீட்டர் கால்ட்ஹொப்பிக்கனும் இருக்கிறது. பெஸ்ஸெக்கன் கூட்டமில்லாத இடம் என்று சொல்ல முடியாது, கோடையில் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள், ஆனால் நீளமான பாதையில் கூட்டம் சிதறிவிடும். யெண்டே ஏரியின் ஒரு முனையில் யெண்டெஸ்ஹைம். அங்கிருந்து படகில் மெமுருபு என்ற இடத்துக்குப் போய் இறங்கி, மலை முகட்டின் மேலேயே நடந்து புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். சுமார் 14 கிலோமீட்டர், ஆறிலிருந்து எட்டு மணி நேரம். காலைப் படகை முன்பதிவு செய்து, படகில் முதலில் போய்விட்டு நடந்து திரும்புவதுதான் புத்திசாலித்தனம். நடந்து போய்ப் படகில் திரும்பலாம் என்று நினைத்தால் கடைசிப் படகு மணியைப் பார்த்துப் பார்த்தே நாள் போய்விடும், அதோடு செங்குத்தான முகட்டில் இறங்கவும் வேண்டியிருக்கும், ஏறுவது அதைவிட எவ்வளவோ மேல்.

மெமுருபுவிலிருந்து முதல் ஏற்றமே மூச்சு வாங்கும். அதை முடித்துச் சமதளம் போல ஒன்று வந்து, பிறகு மெல்ல இறங்கி, இரண்டு ஏரிகளுக்கு நடுவே குறுகலான ஒரு திட்டில் வந்து நிற்பீர்கள். வலது பக்கம் எட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே யெண்டே, பால் கலந்த பச்சை. பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் மாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. இடது பக்கம், கால் நனைக்கும் தூரத்தில், பெஸ் ஏரி. அதற்குப் பனியாற்று மாவு வருவதில்லை, அதனால் அடர்நீலம். யெண்டே கடல் மட்டத்திலிருந்து 984 மீட்டர் உயரத்தில், பெஸ் 1373 மீட்டர் உயரத்தில். இரண்டு ஏரியையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது மேலே இருப்பது எப்படிக் கீழே கொட்டாமல் நிற்கிறது என்று கொஞ்ச நேரம் மூளை குழம்பும்.

அந்தத் திட்டுக்கு நேர் எதிரே எழும்பி நிற்பதுதான் முகடு. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஏறவே முடியாது போலிருக்கும், பக்கத்தில் போனால் பாறை படிப்படியாக உடைந்திருப்பது தெரியும். கையையும் சேர்த்து வைத்து ஏற வேண்டும். பாறை சொரசொரப்பானது, காய்ந்திருந்தால் பிடி நன்றாகக் கிடைக்கும், ஆயிரக்கணக்கான கைகள் பிடித்த சில விளிம்புகள் மட்டும் வழுவழுவென்று இருக்கும், ஈரமானால் அங்கேதான் வழுக்கும். குச்சி வைத்திருப்பவர்கள் ஏறுவதற்கு முன்பே அதை மடக்கிப் பையில் கட்டிவிடுங்கள், கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினால் பின்னால் வருகிறவர் கண்ணில் குத்தும். நான் போன ஒரு தடவை எனக்கு முன்னால் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று அப்பாவுக்கு வழிகாட்டிக்கொண்டு ஏறியது, எனக்குப் பின்னால் நாற்பது வயது மனிதர் ஒருவர் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அவர் மனைவி கீழேயிருந்து எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். உயரம் ஆகாதவர்களுக்கு மெமுருபுவிலிருந்து ஏரிக்கரையோடு ஒரு தாழ்வழி இருக்கிறது, அதுவும் யெண்டெஸ்ஹைமுக்கே வந்து சேரும். குடும்பத்தோடு வருகிறவர்கள் இரண்டாகப் பிரிந்து நடந்து சாயங்காலம் சந்திக்கலாம்.

முகடு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1743 மீட்டர் வெஸ்லஃபியெல் உச்சி வரை இன்னும் ஏற்றம் இருக்கிறது, அதற்கப்புறம் சரளையில் நீண்ட இறக்கம், முழங்காலுக்கு உண்மையான வேலை அங்கேதான். தண்ணீரும் சாப்பாடும் அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு மிச்சம் வைத்திருக்க வேண்டும். நான் புளிசாதம் கொண்டுபோவேன். இங்கத்தியர்கள் ரொட்டித் துண்டில் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியை வைத்து, தாளில் மடித்துக் கொண்டுவருவார்கள். அது நாக்குக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆகும். எனக்குப் பழகிவிட்டது, ஆனால் குளிரில் உட்கார்ந்து சாப்பிடும் புளிசாதத்தின் பக்கத்தில் அது நிற்காது.

உடுப்பைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தவர் ஓஸ்லோவில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில், நான் அன்று சாயங்காலம் மலைக்குப் புறப்படுவதாகச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, உந்த ஜீன்ஸோட மலைக்குப் போகேலாது. நனைஞ்சா காயாது, பிறகு குளிர் எலும்புக்குள்ள போயிடும். கம்பளி உள்ளுடுப்பு வாங்கும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்." அவர் எண்பதுகளின் கடைசியில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர் அங்கேதான், ஆர்க்டிக் கடலோரச் சிற்றூர்களில், மீன் வெட்டும் வேலையில் தொடங்கினார்கள், பிறகு பலர் ஓஸ்லோ பக்கம் வந்துவிட்டார்கள். குளிரைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் சொன்னதுதான் முழு ரகசியமும். தோலோடு ஒட்டி மெரினோ கம்பளி, பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றவுடன் உடம்பு வெடவெடக்கும். கம்பளி ஈரமானாலும் சூடு தரும், மூன்று நாள் போட்டாலும் நாறாது. அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் நுழையாத சட்டையும் பேன்ட்டும். கோடையிலும் தொப்பி, கையுறை, மாற்றுக் காலுறை பையில் இருக்க வேண்டும், அவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தால் போதும், விலையுயர்ந்த நீர்ப்புகாப் பை தேவையில்லை. காலணிதான் காசு செலவழிக்க வேண்டிய இடம், அதுவும் ஊரிலேயே வாங்கிப் போட்டுப் பழக்கிவிட்டு வாருங்கள். இங்கே விலை கிறுகிறுக்க வைக்கும். கூடாரம், பை, பனிச்சறுக்குக் கட்டை போன்றவற்றுக்கு பூஆ என்ற அமைப்பு இருக்கிறது, பல ஊர்களில் கிளை உண்டு, வெளிப்புற விளையாட்டுச் சாமான்களை இலவசமாகவே இரவல் தருகிறார்கள். இங்கே படிக்க வந்த மாணவர்களுக்கே இது தெரிவதில்லை.

இனி குடில்கள். நார்வே மலையேற்றச் சங்கம் 1868-இல் தொடங்கியது, டே-என்-டே என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாடு முழுக்க 550-க்கு மேல் மலைக்குடில்கள் அவர்களுடையவை. ஒரு குடிலுக்கும் அடுத்த குடிலுக்கும் பெரும்பாலும் ஒருநாள் நடை, கற்குவியல்களில் சிவப்பு வண்ணத்தில் டி என்ற ஆங்கில எழுத்து போட்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். மூடுபனி இறங்கினால் ஒரு விதி: அடுத்த டி கண்ணில் படும்வரை இப்போது நிற்கும் டி-யை விட்டு நகராதீர்கள். இரண்டு பேராக இருந்தால் ஒருவர் கல்லருகே நிற்க, மற்றவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் போய்த் தேடலாம். பாதை வரைபடத்தை முந்தைய இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று உயிரை விடும்.

குடில்களில் மூன்று வகை. ஆளிருந்து சமைத்துப் போடும் பெரிய விடுதிகள் ஒன்று. அங்கே இரவுச் சாப்பாடு குறித்த நேரத்தில், எல்லாரும் நீள மேசையில் சேர்ந்து உட்கார்ந்து. சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், நேரில் போய்ச் சொன்னால் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும்தான். ஆளில்லாத, ஆனால் உணவு இருப்பு வைத்திருக்கும் குடில்கள் இரண்டாவது வகை. உணவும் இல்லாதவை மூன்றாவது. எனக்குப் பிடித்தது அந்த நடுவகை. சங்க உறுப்பினரானால் சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு சாவி தருவார்கள், நாடு முழுக்க அவர்களுடைய பூட்டிய குடில்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதே ஒரே சாவி. முதல் தடவை அந்தச் சாவி என் உள்ளங்கையில் இருந்தபோது, இதை நம்பியா கொடுத்தார்கள் என்று எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

உள்ளே போனால் ஆள் கிடையாது. சுவரோரம் அலமாரி முழுக்க டின் உணவு, பாஸ்தா, சூப் பாக்கெட், மொறுமொறு ரொட்டி, காபித்தூள், பான்கேக் மாவு. எடுத்ததை நீங்களே சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், தங்கிய இரவுக்கும் தின்ற டின்னுக்கும் பிறகு ஆப்பிலோ சீட்டிலோ பணம் கட்டிவிட வேண்டும். கேட்க ஆளில்லை, கேமராவும் இல்லை. வந்தவுடன் முதல் வேலை, கதவோரம் இருக்கும் பதிவேட்டில் பெயர், எங்கிருந்து வந்தேன், நாளை எங்கே போகிறேன் என்று எழுதுவது. சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

அப்புறம் வேலை பிரிந்துவிடும், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் வாளியோடு ஓடைக்குப் போவார், ஒருவர் கொட்டகையில் விறகு பிளப்பார், ஒருவர் அடுப்பு மூட்டுவார். ஒரு இரவு நானும் நண்பனும் கையோடு கொண்டுபோன மசூர் பருப்பை வேகவைத்து, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினோம். அந்த மரக்குடிலில் தாளிப்பு வாசனை எப்படிப் பரவும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர் மூலையில் உட்கார்ந்திருந்த வயதான தம்பதி இருமினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள், அப்புறம் கிண்ணத்தை நீட்டினார்கள். ஈரக் காலுறைகள் அடுப்புக்கு மேல் கம்பியில் வரிசையாகத் தொங்க, அதற்குக் கீழே பருப்பு. காலையில் கிளம்பும்போது தரையைத் துடைத்து, சாம்பலை அள்ளி, விறகுப்பெட்டியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். கழிப்பறை வெளியே தனிக் கொட்டகையில் இருக்கும், இரவு இரண்டு மணிக்குக் காற்றில் அங்கே போய்வருவது தனி சாகசம். படுக்கையும் போர்வையும் இருக்கும், உள்ளே நுழைந்துகொள்ளும் துணி உறை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும், நம் ஊர் இரட்டைவேட்டியை மடித்துத் தைத்தால் அதுவே போதும். நடந்து வந்தவரை இடமில்லை என்று திருப்பி அனுப்புவது வழக்கமில்லை, தரையில் மெத்தை போட்டாவது படுக்க வைத்துவிடுவார்கள்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு இன்னும் சுதந்திரம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத திறந்த நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம், யார் பெயரில் பட்டா இருந்தாலும் சரி. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும், ஆளரவமற்ற உயர்மலையில் அந்தக் கணக்கும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வனத்துறை அனுமதிக்காக அலைந்தவர்களுக்கு இது நம்பவே கஷ்டமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை, அதனால் கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். ஆகஸ்ட் மாதம் காட்டு அவுரிநெல்லி பழுக்கும், வேண்டிய மட்டும் பறித்துத் தின்னலாம், வாயும் விரலும் ஊதா ஆகிவிடும்.

ஆனால் லோஃபோட்டன் தீவுகளுக்கு இதே எண்ணத்தோடு போகாதீர்கள். கூட்டம் தாங்க முடியாமல் பல கடற்கரைகளில், சாலையோரங்களில் கூடாரத்துக்கும் வண்டியில் படுப்பதற்கும் தடைப் பலகை வைத்துவிட்டார்கள். அதற்காக அங்கே போகாமலும் இருக்காதீர்கள். ரெய்னெப்ரிங்கன் என்ற மலை வெறும் 448 மீட்டர்தான், ஷெர்பாக்கள் போட்ட கிட்டத்தட்ட 2000 படி, ஒரே மூச்சில் செங்குத்தாக. மேலே போனால் கடலும் கிராமமும் கூர்மலைகளும் ஒன்றாகக் காலடியில். கோடையில் அங்கே சூரியன் மறையாததால் இரவு பதினொரு மணிக்கு ஏறினால் படியில் நெரிசல் குறைவு, வெளிச்சமும் பொன்னிறம். கண்ணை மூடும் பட்டை இல்லாமல் தூங்க முடியாது என்பது அதற்கான விலை. பிப்ரவரியிலிருந்து மே வரை போனால் ஊருக்கு ஊர் மரச்சட்டங்களில் காட் மீனை ஜோடி ஜோடியாகக் கட்டிக் காயவிட்டிருப்பார்கள். தூத்துக்குடிக் கருவாட்டுக் களம் பார்த்தவனுக்கு வாசனை புதிதில்லை, ஆனால் இதில் ஒரு கல் உப்பு கூடக் கிடையாது, உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் குளிர்காற்று மட்டுமே காயவைக்கிறது. தலைகள் தனியாகக் காய்ந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறுகின்றன, அங்கே குழம்புக்கு அவ்வளவு மவுசாம்.

போக்குவரத்துக்கு எல்லாரும் கார் எடுக்கச் சொல்வார்கள், வடக்கே அது சரிதான், தெற்கே ரயிலை மறக்காதீர்கள். 1909-இல் திறந்த ஓஸ்லோ–பெர்கன் பாதை ஏழு மணி நேரப் பயணம், நடுவே 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம். அங்கே சாலையே கிடையாது, ரயிலில் இறங்கினால் நேரே பனியாறு தெரியும். ரயில்பாதை போட்ட தொழிலாளிகளுக்காக அமைத்த பழைய மண்பாதையில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஃபியோர்ட் கரையிலிருக்கும் ஃப்ளோம் என்ற ஊர் வரை இறங்கிக்கொண்டே போகலாம், பெரும்பகுதி இறக்கம்தான். ஜூலை பாதி வரை சில இடங்களில் பனி கிடக்கும், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மிர்தால் ரயில் நிலையம் தாண்டி வரும் கொண்டை ஊசி வளைவுகளில் தயவுசெய்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சரளைக்கல்லும் வாடகை சைக்கிளின் தேய்ந்த பிரேக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அடிவாரத்தில் முழங்கையில் கட்டோடு காபி குடிப்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

கார் எடுக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், படகுத்துறையில் காத்திருப்பு, ஒற்றைவழிச் சாலையில் ஒதுங்கி நிற்பது, நடுரோட்டில் படுத்திருக்கும் ஆடு எல்லாம் அதில் அடக்கம். வேகக் கட்டுப்பாட்டை மீறினால் அபராதம் விமான டிக்கெட் அளவுக்கு வரும். ஞாயிறன்று பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரே அருமை, பாட்டில் வாங்காதீர்கள்.

வடதுருவ ஒளி பார்க்கக் குளிர்காலத்தில் ட்ரொம்சோ வருகிறவர்கள் எல்லாரும் போனில் ஒளியின் வலிமை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒளி துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகத் தோன்றும், ட்ரொம்சோ அந்த வளையத்துக்கு நேர் கீழேயே இருக்கிறது, எண் குறைவாக இருந்தாலும் ஒளி வரும். பிரச்சினை மேகம். கடலோரம் மேகம் கட்டினால் உள்நாட்டுப் பக்கம், ஷிபோட்ன் பள்ளத்தாக்கு, ஃபின்லாந்து எல்லை என்று வண்டியை விட வேண்டும், அங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். சுற்றுலா வண்டி பிடித்தால், மேகம் இருந்தால் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒருமுறை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு போனபோது, நகரத்துக்கு அரை மணி நேரம் தள்ளி ஒரு பார்க்கிங்கில் நிறுத்தி, சூடான சாக்லேட் கொடுத்து, மேகத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் நாங்களே ஷிபோட்ன் வரை ஓட்டிப் போய் முழு வானத்தையும் பார்த்தோம். சித்தி மட்டும் கம்பளிக்குள் இருந்து முகத்தை வெளியே எடுக்காமல், "படத்துல பாத்துக்கிறேன்ப்பா" என்றார். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் இங்கே வரும் நம்மவர்கள் கை ஒடிவது மலையில் இல்லை, ஹோட்டல் வாசலில்.

எந்த மாதம் என்று கேட்டால், நடைக்கு நான் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி என்பேன். ஜூனில் உயரமான வழிகளில் பனி கரைந்திருக்காது, ஓடைகள் பெருகி ஓடும், ஜூலையில் கூட்டமும் கொசுவும். ஆகஸ்ட் முடியும்போது கொசு போய்விடும், செப்டம்பரில் உயரத்துச் செடிகள் முழுக்கச் சிவப்பாகும், வடக்கே இரவு திரும்பிவிட்டதால் அதிர்ஷ்டமிருந்தால் துருவ ஒளியும் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் மலைப் பேருந்துகள், ஏரிப் படகுகள், ஆளிருக்கும் விடுதிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பருவத்தை முடித்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. விமான டிக்கெட் போடுவதற்கு முன் அந்தத் தேதிகளைப் பாருங்கள். ஆபத்து என்றால் காவல்துறைக்கு 112, மருத்துவ உதவிக்கு 113. மலை மீட்புக்கு இங்கே கட்டணம் கிடையாது, ஹெலிகாப்டர் வந்தாலும் பில் வராது, அதனால் காசை நினைத்து இருட்டும்வரை தள்ளிப்போடாமல் கூப்பிட்டுவிடுங்கள்.